தன்னையே பகைக்கும் உடல்



சரித்திரம் என்றதும் உங்கள் உள்ளத்தில் தோன்றுபவை முடிமன்னர்களும் போர்க்களங்களும் உடன்படிக்கைகளுமாகவே இருக்கும். நானும் முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் அவற்றையே கற்பித்து வந்தவன். இன்று நான் சொல்லப்போகும் சரித்திரத்தில் மன்னர் எவரும் இல்லை. ஆயினும் ஓர் உள்நாட்டுப் போர் உண்டு. அது நடக்கும் இடம் மனித உடல். கோட்டையைக் காக்க நிறுத்திய படையே கோட்டைச் சுவரை இடிக்கத் தொடங்கும் விந்தையான போர் அது. அப்படி ஒரு போர் நடக்கக்கூடும் என்பதை நம்பவே மருத்துவ உலகிற்கு அரை நூற்றாண்டு பிடித்தது.

நான் மருத்துவன் அல்லன். இந்த வரலாற்றை நான் தேடிப் படிக்க நேர்ந்ததற்குக் காரணம் என் தமக்கையார். பல ஆண்டுகளுக்கு முன், மார்கழி மாதத்து விடியற்காலையில் அவர் வாசலில் நீர் தெளித்துக் கோலமிட்டு எழுந்தால், விரல் நுனிகள் சுண்ணாம்பு பூசியவை போல் வெளுத்திருக்கும். சற்று நேரத்தில் அவை நீலம் பாரிக்கும். பிறகு சிவந்து எரியும். நாங்கள் அதை வேடிக்கையாகவே பார்த்தோம். பின்னர் அவருடைய கை விரல்கள் வீங்கின, மோதிரம் கழலவில்லை. முழங்காலும் மணிக்கட்டும் நோயெடுத்தன. கண்களில் மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல். தண்ணீர் அருந்தாமல் ஒரு கவளச் சோற்றையும் விழுங்க முடியவில்லை. எப்போதும் ஓயாத அசதி.

எலும்பு மருத்துவர் மூட்டைப் பார்த்தார். கண் மருத்துவர் கண்ணைப் பார்த்தார். பல் மருத்துவர் பல்லைப் பார்த்தார். அவரவர் துறையில் அவரவர் செய்தது சரியே. ஆனால் ஏழு ஆண்டுகளாக இவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர் எவரும் இலர். ஒருவர், "மனக்கவலையாக இருக்கலாம்" என்றார். வீட்டில் நாங்களும் அதை நம்பினோம். அதை நினைத்தால் இன்றும் எனக்கு நாணமாக இருக்கிறது.

கடைசியில் வயது முதிர்ந்த மருத்துவர் ஒருவர், நாற்காலியைச் சற்று அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, "குளிரில் விரல் வெளுக்கிறதா, அம்மா? கண்ணில் நீர் சுரக்கிறதா? வறண்ட சோறு இறங்குகிறதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இரத்தத்தைச் சோதிக்க அனுப்பினார். வந்த விடை இது: கலப்பு இணைப்புத் திசு நோய், அதனுடன் ஷோக்ரென் நோய், அதனுடன் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியைத் தாக்கும் ஹஷிமோட்டோ நோய். ஓர் உடலில் மூன்று நோய்கள்! "இவை மூன்றும் அயலார் அல்லர், ஒரு குடும்பத்துப் பிள்ளைகள்" என்றார் அந்தப் பெரியவர். அந்தக் குடும்பத்தின் வரலாற்றைத்தான் உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

முதலில் இணைப்புத் திசு என்பது யாது என்று அறிந்துகொள்வோம். செங்கற்களை ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்தும் சாந்து போல, நம் உறுப்புக்களைத் தாங்கிப் பிணைத்து நிற்கும் பொருள் அது. தோலின் அடிப்பகுதி, மூட்டுக்களைச் சூழ்ந்த சவ்வு, தசைநாண், குருத்தெலும்பு, இரத்தக் குழாய்களின் சுவர் ஆகிய எல்லாவற்றிலும் அது இருக்கின்றது. எனவே, அதைப் பற்றும் நோய் ஓர் உறுப்போடு நிற்பதில்லை. இன்று தோலில் தோன்றும். நாளை மூட்டில் தோன்றும். பிறகு நுரையீரலில் தோன்றும். உறுப்புக்கு ஒரு மருத்துவராக நாம் பங்கிட்டு வைத்திருக்கும் எல்லைகளை இந்நோய்கள் மதிப்பதில்லை.

விரல்கள் வெளுத்து நீலம் பாரிக்கும் நிலையை முதன்முதலாக விரிவாக எழுதியவர் மோரிஸ் ரேனோ என்னும் பிரெஞ்சு மருத்துவர். 1862-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் தம் பட்டத்திற்காக அவர் எழுதிய ஆய்வு அது. குளிராலும் மனக்கிளர்ச்சியாலும் சிறு இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுவதே காரணம் என்பதை அறிஞர்கள் பின்னர்த் தெளிவாக அறிந்தனர். பெரும்பாலோர்க்கு இது தீங்கற்றது. சிலருக்கோ, பல ஆண்டுகள் கழித்து வரவிருக்கும் பெருநோய்க்கு இதுவே முன்னறிவிப்பு. ரேனோ விளைவைக் கண்டார். இந்தச் சிலரிடத்தில் அதன் பின்னே இருந்த பகையைக் காணும் கருவிகள் அவர் காலத்தில் இல்லை.

அந்தப் பகை எங்கிருந்து வருகின்றது? இக்கேள்வியின் வாயிலிலே நமக்கு எதிர்ப்படுபவர் ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக். கிருமிகள் உடலில் புகும்போது, அவற்றைப் பற்றி அழிப்பதற்கென்று இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் தோன்றுகின்றன என்பது அப்போது தெரிந்திருந்தது. எர்லிக்கும் அவருடைய துணைவர் மோர்கென்ரோத்தும் ஆடுகளை வைத்து ஒரு சோதனை செய்தனர். ஓர் ஆட்டின் சிவப்பணுக்களை மற்றோர் ஆட்டிற்குச் செலுத்தினால், அந்த அயல் அணுக்களை அழிக்கும் எதிர்ப்பொருள் தோன்றியது. ஆனால் அது தன் சொந்த அணுக்களை மட்டும் தொடவில்லை. எத்தனை முறை செய்தும் முடிவு மாறவில்லை.

தன்னைத் தானே நஞ்சூட்டிக்கொள்ள உடல் அஞ்சுகின்றது என்று எர்லிக் கருதினார். 1901-ஆம் ஆண்டளவில் அதற்கு 'ஹாரர் ஆட்டோடாக்ஸிகஸ்' என்று இலத்தீனில் பெயரிட்டார். எர்லிக் சாதாரண மனிதர் அல்லர். 1908-ல் நோபல் பரிசு பெற்றவர். அந்தக் காவல் தவறினால் நோய் விளையலாம் என்பதையும் அவர் எண்ணிப் பார்த்ததுண்டு. ஆனால் பின்வந்தவர்கள் அந்த நுட்பத்தை விட்டுவிட்டு, "உடல் தன்னைத் தாக்காது" என்ற ஒரு வரியை மட்டும் சட்டம் போலப் பற்றிக்கொண்டார்கள். ஆசிரியரின் ஐயத்தை மறந்து அவருடைய சொல்லை மட்டும் மனப்பாடம் செய்யும் மாணவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு போலும்!

இத்தனைக்கும் மறுசான்று அப்போதே கிடைத்துவிட்டது. இரத்த வகைகளைக் கண்டறிந்த கார்ல் லாண்ட்ஸ்டைனர், ஜூலியஸ் டோனாத் என்பவருடன் சேர்ந்து 1904-ல் வியன்னாவில் ஓர் அரிய நோயை ஆராய்ந்தார். அந்நோயாளிகள் குளிரில் நின்று திரும்பினால் சிறுநீர் செந்நிறமாகப் போகும். அவர்களுடைய இரத்தத்திலிருந்த எதிர்ப்பொருளே, குளிர்ச்சியில் அவர்களுடைய சொந்தச் சிவப்பணுக்களைப் பற்றி, வெப்பம் திரும்பியதும் அவற்றைச் சிதைத்தது. உடல் தன்னைத் தாக்கும் என்பதற்குக் கண்கூடான சான்று இது. ஆயினும் இதை ஒரு விதிவிலக்காகக் கருதி ஒதுக்கிவிட்டார்கள். 1912-ல் ஜப்பானில் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற இளம் மருத்துவர், நான்கு பெண்களின் தைராய்டு சுரப்பிகளில் வெள்ளணுக்கள் படை படையாகப் புகுந்திருப்பதைக் கண்டு எழுதினார். அந்தப் படைகள் ஏன் அங்கே வந்தன என்று சொல்ல அன்று எவராலும் இயலவில்லை.

இனி, இந்தச் சரித்திரத்தில் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்த மனிதரிடம் வருகின்றேன். ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரென். 1899-ல் பிறந்தவர். 1930-ஆம் ஆண்டில் ஒரு பெண்மணி அவரிடம் வந்தார். கண்கள் வறண்டிருந்தன, வாயும் வறண்டிருந்தது, மூட்டுக்களில் வாதம் இருந்தது. கண் மருத்துவருக்கு மூட்டு எதற்கு? கண்ணுக்கு மருந்து கொடுத்து அனுப்பியிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஷோக்ரென் அவ்வாறு செய்யவில்லை. அதே குறிகள் உள்ளவர்களைத் தேடலானார். சாயப் பொருள்களைக் கண்ணில் இட்டு, வறட்சியால் சிதைந்த இடங்களைக் கண்டறிந்தார்.

1933-ல் ஸ்டாக்ஹோம் நகரின் கரோலின்ஸ்கா நிலையத்தில் அவர் தம் ஆய்வேட்டை அளித்தார். அதில் பத்தொன்பது பெண்களின் விவரங்கள் இருந்தன. அவர்களுள் பதின்மூவருக்கு மூட்டு வாதமும் இருந்தது. இது தற்செயலன்று, உடல் முழுவதையும் பற்றிய ஒரே நோயின் பல முகங்கள் இவை என்பது அவர் கருத்து. ஆய்வேட்டை மதிப்பிட்டோர் அதை அவ்வளவு உயர்வாகக் கருதவில்லை. பல்கலைக்கழக ஆசிரியர் பதவிக்குரிய தகுதி அவருக்குக் கிட்டவில்லை. அவர் யான்ஷோபிங் என்னும் ஊருக்குச் சென்று, அங்குள்ள மருத்துவமனையில் கண் நோயாளிகளைப் பார்த்து வந்தார். 1943-ல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் புரூஸ் ஹாமில்டன் அந்த ஏட்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அதன் பிறகே உலகம் அதைப் படித்தது. 1961-ல் ஸ்வீடன் அரசு அவருக்குப் பேராசிரியர் என்ற பட்டத்தை அளித்துச் சிறப்பித்தது. 1986-ல் அவர் காலமானார். தம் துறையின் வேலியைத் தாண்டி ஒரு கேள்வி கேட்டவர் அவர். என் தமக்கையாரிடம் அந்த முதியவர் கேட்ட கேள்விகள் ஷோக்ரென் விட்டுச் சென்ற செல்வம் என்றே கருதுகின்றேன்.

தனித்தனியாக நின்ற நோய்களை ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்தவர் நியூயார்க் மவுண்ட் சைனாய் மருத்துவமனையின் நோயியல் அறிஞர் பால் கிளெம்பெரர். முகத்தில் செந்தழும்பு தோன்றிச் சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கும் லூபஸ் நோய் ஒருபுறம். தோல் மரத்துக் கல்லாக இறுகும் ஸ்கிளெரோடெர்மா நோய் மறுபுறம். இவ்விரண்டிலும் பழுதுறுவது இணைப்புத் திசுவே என்று 1942-ல் அவரும் அவருடைய துணைவர்களும் எழுதினர். அது நல்ல கருத்து. ஆனால் காரணம் புரியாத நோய்க்கெல்லாம் அந்தப் பெயரைச் சூட்டிவிடும் வழக்கம் பரவவே, கிளெம்பெரரே அதைக் கண்டிக்க நேர்ந்தது. பெயரைக் கண்டதும் பொருளைக் கண்டுவிட்டதாக எண்ணுவது மனித இயல்பு அன்றோ?

1948-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஹார்கிரேவ்ஸ் என்பவரும் துணைவர்களும், லூபஸ் நோயாளிகளின் எலும்பு மச்சையில் ஒரு புதுமையைக் கண்டனர். ஒரு வெள்ளணு மற்றோர் அணுவின் உட்கருவை விழுங்கிக்கொண்டு நின்றது. அதே மருத்துவமனையில், அதே ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள், பிலிப் ஹெஞ்ச் என்பவர் மூட்டு வாதத்தால் முடங்கிக் கிடந்த இளம்பெண் ஒருவருக்குக் கார்ட்டிசோன் என்ற பொருளை ஊசி வழியாகச் செலுத்தினார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். மஞ்சள் காமாலை வந்தாலும் கருவுற்றாலும் வாத நோய் தணிவதை ஹெஞ்ச் நெடுங்காலமாகக் கவனித்து வந்ததன் பயன் அது. 1950-ல் கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய இருவருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அம்மருந்தை நெடுநாள் உட்கொண்டால் எலும்பு மெலியும், முகம் வீங்கும், பிற தீமைகளும் நேரும் என்பது பிறகு தெரிந்தது. போரை அது அடக்கிற்றே அன்றி முடிக்கவில்லை.

உடல் தன்னைத் தாக்காது என்ற பழைய சட்டம் உடைந்தது 1956-ல். அதை உடைத்தவர், விந்தையாக, எர்லிக்கின் வழியிலேயே வந்த ஒருவர். எர்ன்ஸ்ட் விட்டெப்ஸ்கியின் ஆசிரியர் ஹான்ஸ் ஸாக்ஸ். ஸாக்ஸோ எர்லிக்குடன் பணியாற்றியவர். நாஜி ஆட்சி ஏற்பட்டபோது ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதர் விட்டெப்ஸ்கி, பின்னர் அமெரிக்காவில் பஃபலோ நகரில் பணியாற்றினார். அவரிடம் பயின்ற இளைஞர் நோயெல் ரோஸ், முயல்களின் தைராய்டு சாற்றை முயல்களுக்கே செலுத்திப் பார்த்தார். நடக்கக் கூடாதது நடந்தது, எதிர்ப்பொருள்கள் தோன்றின. மற்றொரு முயலின் சாறு என்பதால் இப்படி ஆயிற்றோ என்ற ஐயம் எழுந்தது. ஆகவே, ஒரு முயலின் சுரப்பியில் ஒரு பாதியை அறுத்தெடுத்து, அதன் சாற்றை அதே முயலுக்குச் செலுத்தினர். எஞ்சிய பாதியில் வெள்ளணுக்கள் படை திரண்டு புகுந்தன. ஹஷிமோட்டோ 1912-ல் கண்ட காட்சியின் காரணம் இப்போது புலனாயிற்று!

குருவின் குருவுடைய கொள்கைக்கு மாறான முடிவு அல்லவா? விட்டெப்ஸ்கி விரைந்து வெளியிடவில்லை; சோதனைகளை மீண்டும் மீண்டும் செய்து பார்க்கச் சொன்னார். ஐயமறத் தெளிந்த பின்னரே 1956-ல் உலகிற்கு அறிவித்தார். அதே ஆண்டில் லண்டனில் ஐவன் ராயிட், டெபரா டோனியாக் முதலியோர், ஹஷிமோட்டோ நோயாளிகளின் இரத்தத்தில் அதே வகை எதிர்ப்பொருள்கள் இருப்பதைக் கண்டறிந்தனர். முயலில் கண்டது மனிதரிலும் மெய்யாயிற்று. தன்னுடல் தாக்கு நோய் என்னும் புதிய அதிகாரம் மருத்துவ நூலில் எழுதப்பட்டது.

இப்போது என் தமக்கையாரின் நோய்க்கு வருவோம். 1972-ல் கோர்டன் ஷார்ப் என்ற அமெரிக்க மருத்துவரும் துணைவர்களும் இருபத்தைந்து நோயாளிகளைப் பற்றி எழுதினர். அவர்களிடம் லூபஸின் குறிகள் சில இருந்தன. ஸ்கிளெரோடெர்மாவின் குறிகள் சில இருந்தன. தசையை வாட்டும் நோயின் குறிகளும் இருந்தன. விரல் வெளுத்தல், கை வீக்கம், மூட்டு வலி, விழுங்குவதில் தடை என்பவை கலந்து வந்தன. ஆனால் அவர்கள் அனைவருடைய இரத்தத்திலும் ஒரே வகையான எதிர்ப்பொருள் மிகுதியாக இருந்தது. அணுவின் உட்கருவில் உள்ள ஒரு நுண்பொருளை அது தாக்கிற்று. ஷார்ப் இதற்குக் கலப்பு இணைப்புத் திசு நோய் என்று பெயரிட்டார். இது அரிய நோய், ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகப் பற்றுவது, தொற்றாதது.

இது எளிதில் குணப்படும் நோய் என்றே ஷார்ப் முதலில் நம்பினார். காலம் அந்த நம்பிக்கையைத் திருத்தியது. சிலருக்கு நுரையீரலின் இரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறி உயிருக்கே ஊறு விளைவித்தது. வேறு சிலருடைய நோய், ஆண்டுகள் செல்லச் செல்லத் தெளிவான லூபஸாகவோ ஸ்கிளெரோடெர்மாவாகவோ மாறிற்று. ஆகவே இது தனி நோயா, பல நோய்களின் சந்திப்பா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஒருவருக்கு ஒரு தன்னுடல் தாக்கு நோய் இருந்தால், மற்றொன்றும் வரும் வாய்ப்பு ஏனையோரைவிட மிகுதி என்பது மட்டும் உறுதி. பரம்பரையில் வரும் சில இயல்புகளும் சூழலின் தூண்டுதலும் சேர்ந்து, உடலின் காவற்படைக்குத் தன்னவர் யார், அயலார் யார் என்ற தெளிவைக் குலைத்துவிடுகின்றன. படை ஒருமுறை குழம்பினால், ஒரு வாயிலை மட்டும் தாக்கிவிட்டு நிற்பதில்லை.

இந்த நோய் அறிவியலுக்கு ஓர் அருங்கொடையும் அளித்திருக்கின்றது. 1979, 1980-ஆம் ஆண்டுகளில் யேல் பல்கலைக்கழகத்தில் ஜோன் ஸ்டைட்ஸ் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய மாணவர் மைக்கேல் லெர்னரும், உயிரணுவின் உட்கருவில் நடப்பதை அறிய முயன்றனர். நம் மரபுச் செய்தி படியெடுக்கப்படும்போது, இடையிடையே வேண்டாத பகுதிகள் இருக்கின்றன. அச்சுப்பிழை திருத்துவோர் வேண்டாத வரிகளை நீக்கி எஞ்சியவற்றை இணைப்பது போல, அணுவும் அவற்றை நீக்கி இணைக்கின்றது. அதைச் செய்யும் கருவி எது? லூபஸ் நோயாளிகளின் இரத்தத்திலிருந்த எதிர்ப்பொருள்களையே தூண்டிலாகக் கொண்டு, உட்கருவின் சிறு துகள்களை அவர்கள் பிடித்தனர். அத்துகள்களுள் ஒன்றுதான், கலப்பு இணைப்புத் திசு நோயாளிகளின் எதிர்ப்பொருள் தாக்கும் இலக்கும்! செய்தியை வெட்டி ஒட்டும் பணியில் அவற்றுக்குப் பங்கு உண்டு என்பது பிறகு உறுதியாயிற்று. எத்தனையோ பெண்களைப் படுக்கையில் கிடத்திய அதே எதிர்ப்பொருள், உயிரின் ஓர் அந்தரங்கத்தைத் திறக்கும் திறவுகோலும் ஆயிற்று.

இன்று இந்நோய்களை அடியோடு நீக்கும் மருந்து இல்லை. ஆனால் அடக்கி வைக்கும் மருந்துகள் பல உண்டு. நுரையீரலையும் சிறுநீரகத்தையும் இடைவிடாது கண்காணித்து, தீங்கு முற்றுமுன் தடுக்கும் முறைகள் உண்டு. என் தமக்கையார் இப்போதும் மார்கழியில் கோலமிடுகின்றார். வெயில் சற்று ஏறிய பிறகு, வெந்நீரில் கையை நனைத்துக்கொண்டு, சிறிய கோலமாக இடுகின்றார். அந்த ஏழு ஆண்டுகளைப் பற்றி ஒருமுறை கேட்டேன். "நோயைப் பொறுத்துக்கொண்டேன் தம்பி, நீங்கள் நம்பாததைத்தான் பொறுக்க முடியவில்லை" என்றார்.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் நாளை மருத்துவராகலாம், சிலர் ஆசிரியராகலாம், எல்லோரும் யாருக்கேனும் உடன்பிறந்தவர்தாம். எர்லிக்கின் சொல்லைச் சட்டமாக்கியவர்கள் கண்ணெதிரே நின்ற சான்றைத் தள்ளிவிட்டார்கள். ஷோக்ரென் தம் எல்லைக்கு அப்பால் ஒரு கேள்வி கேட்டார். விட்டெப்ஸ்கி, தம் ஆசான்களின் கொள்கையையும் உண்மையின்முன் வைத்துச் சோதித்தார். நம் வீட்டில் ஒருவர், "இங்கும் வலிக்கிறது, அங்கும் வலிக்கிறது, காரணம் தெரியவில்லை" என்று சொல்லும்போது, அவரை நம்பி, முழுதும் கேளுங்கள். எங்கள் வீட்டில் அப்படிக் கேட்டிருந்தால், அந்த ஏழு ஆண்டுகளில் சிலவேனும் குறைந்திருக்கும்.